எண்ணெய்ப் பாத்திரத்தில் தொடங்கிய அறிவியல்: யார் இந்த ஆக்னஸ் போக்கல்ஸ்?

எண்ணெய் ஒட்டிய ஒரு கண்ணாடித் தட்டு. சோப்பு போட்டுத் தேய்த்தாச்சு, அலசியாச்சு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. சுத்தமாகிவிட்டது என்றுதான் தோன்றும். அதே தட்டில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். சில இடங்களில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி ஓடும். சில இடங்களில் ஒட்டாமல் விலகி, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். தண்ணீர் விலகி நிற்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியவில்லை. தண்ணீருக்குத் தெரிகிறது.

வீட்டுத் தட்டில் இது சின்ன விஷயம். பால் ஆலையின் குழாயிலோ, மருந்து தயாரிக்கும் கலனிலோ, ஆய்வகக் குடுவையிலோ இப்படி மிச்சம் இருந்தால் சின்ன விஷயம் இல்லை. அடுத்து அதில் ஊற்றும் பால் கெடும், அடுத்த மருந்தில் பழைய மருந்து கலக்கும், சோதனை முடிவு தப்பாக வரும். அதனால் எந்தக் கருவியைக் கழுவினாலும் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. எதைப் போட்டுக் கழுவுவது? போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டாவது கேள்விக்கு அளந்து பதில் சொல்லும் வழியைக் காட்டியவர்களில் முன்னோடி ஒருவர் உண்டு. அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. எந்த ஆய்வகத்திலும் வேலை பார்த்ததில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தவர். பெயர் ஆக்னஸ் போக்கல்ஸ்.

வெனிஸில் பிறந்த பெண்

ஆக்னஸ் 1862 பிப்ரவரி 14-ல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். அப்போது வெனிஸ் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய அப்பா தியோடர் போக்கல்ஸ் ஆஸ்திரிய ராணுவத்தில் அதிகாரி. வட இத்தாலியில் அந்தக் காலத்தில் மலேரியா அதிகம். அது இந்தக் குடும்பத்தையும் விடவில்லை. உடம்பு முடியாமல் போன அப்பா சீக்கிரமே ஓய்வு பெற, 1871-ல் குடும்பம் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆக்னஸுக்கு அப்போது 9 வயது.

அங்கே நகராட்சிப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். இயற்பியல் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பள்ளியோடு படிப்பு நின்றது. 1880-களில் ஜெர்மனிப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவிகளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரஷ்யா மாநிலத்தில் அந்தக் கதவு திறந்ததே 1908-ல்தான். சிறிது சிறிதாகப் பெண்களை அனுமதிக்கத் தொடங்கிய காலத்திலும், போக வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டதால் ஆக்னஸ் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அவருக்கு 3 வயது இளையவர் தம்பி ஃபிரீட்ரிச். தம்பிக்கு எந்தத் தடையும் இல்லை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார், பிற்காலத்தில் பேராசிரியர் ஆனார். மின்புலத்தில் படிகங்களின் ஒளியியல் பண்பு மாறுவதை விளக்கும் ‘போக்கல்ஸ் விளைவு’ இந்தத் தம்பியின் பெயரில்தான் இருக்கிறது. அக்காவுக்குப் பாடப் புத்தகங்களும் ஆய்வு இதழ்களும் கிடைக்க வழிசெய்தவரும் அவர்தான். அடுப்பங்கரை வேலை முடிந்த நேரத்தில் அக்கா அவற்றைப் படித்தார்.

தண்ணீரின் ‘மேல்தோல்’

ஆக்னஸின் ஆர்வம் எங்கே தொடங்கியது? எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்களைக் கழுவும் தண்ணீரைத் தினமும் பார்த்ததில்தான் என்று குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். கொழுப்பு மிதக்கும் தண்ணீர் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், சோப்பு போட்ட தண்ணீர் இன்னொரு மாதிரி நடந்துகொள்ளும். ஏன் இப்படி?

இதற்குப் பின்னால் இருப்பது பரப்பு இழுவிசை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் இழுப்பதால் அதற்கு எந்தப் பக்கமும் சாய்வில்லை. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு மேலே இழுக்க ஆள் இல்லை. அதனால் மேற்பரப்பு உள்நோக்கி இழுக்கப்பட்டு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நடந்துகொள்கிறது. சிறு பூச்சி தண்ணீர் மேல் நடப்பதும், துளி உருண்டையாக இருப்பதும் இதனால்தான். 20 டிகிரி செல்சியஸில் சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் அது 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். இழுவிசை குறைந்த தண்ணீர் எளிதாகப் பரவும், பிசுக்குக்கும் பாத்திரத்துக்கும் இடையே நுழையும்.

இது இருக்கிறது என்று அப்போதே அறிவியலுக்குத் தெரியும். ஆனால் மேற்பரப்பில் அழுக்கு சேர்ந்தால் இந்த இழுவிசை எவ்வளவு குறையும், எந்தக் கட்டத்தில் குறையும் என்பதை யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. அதை அளக்கத் தொடங்கியபோது ஆக்னஸுக்கு வயது 18 முதல் 20.

ஒரு தகரத் தொட்டி, ஒரு பொத்தான்

அவர் உருவாக்கிய கருவி இதுதான்: 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம் உள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு வரை தண்ணீர். மேலே குறுக்காக ஒன்றரை செ.மீ. அகலமுள்ள ஒரு தகரப் பட்டை. பட்டையின் அடிப்பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருக்கும். இப்போது மேற்பரப்பு இரண்டு அறைகளாகப் பிரிந்துவிட்டது. பட்டையை வலம் இடமாக நகர்த்தினால் ஒரு பக்கம் சுருங்கும், மறு பக்கம் விரியும். எவ்வளவு நகர்ந்தது என்று தொட்டியோரம் வைத்த அளவுகோல் சொல்லும்.

இழுவிசையை எப்படி அளந்தார்? சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஒரு சின்ன வட்டத் தகட்டைத் தண்ணீரின் மேல் தொடவைத்து, அதை ஒரு தராசில் கட்டித் தூக்கினார். பிரித்தெடுக்க எவ்வளவு எடை தேவைப்பட்டதோ, அதை வைத்து இழுவிசையைக் கணக்கிட்டார். அவ்வளவுதான் கருவி.

சுத்தமான தண்ணீரில் பட்டையை எப்படி நகர்த்தினாலும் இழுவிசை மாறவில்லை. மேலே துளி கொழுப்பு இருந்தால் கதை வேறு. பரப்பைச் சுருக்கச் சுருக்க முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் இழுவிசை சடாரென்று இறங்கும். அதாவது, கொழுப்பு மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி நிற்கும்வரை தண்ணீருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. எல்லாம் நெருங்கி, இடைவெளி இல்லாமல் தோளோடு தோள் உரசும் கணத்தில் தண்ணீரின் நடத்தை மாறிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் மேலே இருப்பது ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலம். கொழுப்பு அமிலங்களில் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் சுமார் 0.2 சதுர நானோமீட்டர் என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது. இழுவிசை இறங்கத் தொடங்கும் இடம் இன்று ‘போக்கல்ஸ் புள்ளி’ எனப்படுகிறது.

இது எவ்வளவு குறைந்த அளவு தெரியுமா? மெழுகுவர்த்தியில் சேரும் ஸ்டீயரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு மில்லிகிராம் இருந்தால் 0.4 சதுர மீட்டருக்கு மேல் மூடிவிடும். ஆக்னஸின் தொட்டி முழுவதையும் மூட ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நாம் சுத்தம் என்று நினைக்கும் பாத்திரத்தில் அதைவிட அதிகம் ஒட்டிக்கொண்டிருக்க முடியும்.

பரிசோதனைக்கு முதல் எதிரி

அப்படியானால் இந்தப் பரிசோதனையையே எப்படிச் செய்வது? தொட்டியில் முன்பு இருந்த எண்ணெயின் சுவடு, துடைத்த துணியில் இருந்த சோப்பு, விரல் பட்ட தடம், காற்றில் வந்த தூசி, எது இருந்தாலும் அளவீடு பாழ். அளக்க வேண்டியதும் அழுக்கு, அளவைக் கெடுப்பதும் அழுக்கு.

ஆக்னஸ் கண்ட வழி மிக எளிமையானது. அளவெடுக்கும் அதே தகரப் பட்டையைத் துடைப்பமாகவும் பயன்படுத்தினார். பட்டையைத் தண்ணீரைத் தொட்டபடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளினால், மேலே இருக்கும் அழுக்கு எல்லாம் முன்னால் ஒதுங்கிவிடும். பின்னால் புதிய, தூய மேற்பரப்பு பிறக்கும். அது உண்மையில் தூயதுதானா என்பதையும் அதே பட்டையே சொல்லிவிடும். பரப்பைச் சுருக்கிப் பார்த்து, இழுவிசை இறங்கினால் இன்னும் அழுக்கு இருக்கிறது. இறங்காவிட்டால் சுத்தம்.

சுத்தம் என்பது இங்கே கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயமாக இல்லாமல், எண்ணால் சொல்லக்கூடியதாக மாறியது. எவ்வளவு தேய்த்தோம், எவ்வளவு சோப்பு போட்டோம் என்பதெல்லாம் நாம் செய்த வேலையைச் சொல்லுமே தவிர, மிச்சம் என்ன என்பதைச் சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும். ஆக்னஸின் வேலையிலிருந்து கிடைக்கும் முக்கியமான பாடம் இது.

பத்து வருடம் கழித்து ஒரு கடிதம்

இவ்வளவையும் கண்டுபிடித்து ஆக்னஸ் என்ன செய்தார்? ஒன்றும் செய்ய முடியவில்லை. பட்டம் இல்லாத, வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் ஆய்வை வெளியிட அவருக்கு வழி தெரியவில்லை. கிட்டத்தட்ட 10 வருடம் குறிப்புகள் அவரிடமே இருந்தன.

இதற்கிடையே 1890-ல் இங்கிலாந்தின் ரேலே பிரபு, தண்ணீர் மேல் பரவும் எண்ணெய்ப் படலம் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். அப்போதைய மிகப் பெரிய இயற்பியலாளர்களில் ஒருவர் அவர். பின்னாளில், 1904-ல், நோபல் பரிசு பெற்றவர். அவரும் பெரும்பாலும் வீட்டில்தான் ஆய்வு செய்தார். ஒரே வித்தியாசம், அந்த வீடு எசெக்ஸ் பகுதியில் இருந்த பிரபு மாளிகை.

தாம் 10 வருடமாகச் செய்துவரும் வேலையை ஒரு பெரிய மனிதர் இப்போதுதான் தொட்டிருக்கிறார் என்பதை ஆக்னஸ் அறிந்தார். 1891 ஜனவரியில் துணிந்து அவருக்கே ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். தொட்டி, பட்டை, தராசு, முடிவுகள் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். பல காரணங்களால் தம்மால் இதை வெளியிட முடியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

அறிமுகமே இல்லாத ஒருவரின் கடிதத்தை ரேலே ஓரமாகப் போட்டிருக்கலாம். கடிதத்தில் இருந்ததைத் தம் பெயரிலேயே எழுதியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அவருடைய மனைவி கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ரேலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி, வீட்டில் கிடைக்கும் எளிய சாதனங்களைக் கொண்டே இந்தப் பெண் மதிப்புள்ள முடிவுகளை எட்டியிருக்கிறார் என்று பரிந்துரைத்தார். தம் சமீபத்திய ஆய்வு செய்த வேலையை இக்கடிதத்தின் முற்பகுதி ஏறத்தாழச் செய்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொண்டார். 1891 மார்ச் 12 இதழில் ஆக்னஸ் போக்கல்ஸின் பெயரிலேயே அது வெளியானது.

அடுத்த வருடமே இன்னொரு கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. வெவ்வேறு பொருள்களைச் சம அளவில் எடுத்தால் அவை தண்ணீர்ப் பரப்பை எவ்வளவு மாசுபடுத்துகின்றன என்பதை ஒப்பிட்ட கட்டுரை அது. தொடர்ந்து 1893, 1894-லும் எழுதினார். 1899-ல் ரேலே இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து செய்துபார்த்து, படலம் ஒரே மூலக்கூறு கனம்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

எந்தக் கறைக்கு எது?

ஆக்னஸ் வாழ்ந்த காலத்தில்தான், அவர் வாழ்ந்த நாட்டிலேயே, கழுவும் பொருள்களின் உலகம் தலைகீழாக மாறியது. 1907-ல் ஹென்கல் நிறுவனம் ‘பெர்சில்’ சலவைத்தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன், வேதியியலாளர் ஓட்டோ ரோம் நொதி கலந்த சலவைப் பொருளை உருவாக்கினார். போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்ததும், கொழுப்பில்லாமல் செய்யும் ‘நெக்கால்’ என்ற செயற்கை டிடர்ஜென்ட்டை 1917-ல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் தயாரித்தது. இவற்றில் ஆக்னஸுக்கு நேரடிப் பங்கு கிடையாது. ஆனால் இவை ஏன் வேலை செய்கின்றன என்று கேட்டால், பதில் அவர் அளந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. 1914-ல் அவர், திடப்பொருள் மேல் திரவத் துளி எந்தக் கோணத்தில் நிற்கிறது, எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கழுவும் திரவம் கறையை நனைக்குமா, நனைக்காதா என்பதை முடிவு செய்வது அந்தக் கோணம்தான்.

விடாப்பிடியான கறை வந்தால் பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. அதே சோப்பை இன்னும் கொஞ்சம் போட்டு, இன்னும் பலமாகத் தேய்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது, ஒட்டியிருப்பது என்ன என்பதைத்தான்.

எண்ணெய், கொழுப்பு என்றால் சோப்பு அல்லது டிடர்ஜென்ட். இவற்றின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரைத் தேடும், மறு முனை கொழுப்பைத் தேடும். கொழுப்பைச் சூழ்ந்து சிறு துளிகளாக்கித் தண்ணீரோடு கொண்டுபோகும். கொழுப்பு இளகும் அளவுக்குச் சூடு இருந்தால் வேலை சுலபம். பழைய, இறுகிய எண்ணெய் என்றால் காரம் சேர வேண்டும். சலவை சோடா, காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் கொழுப்பையே சோப்பாக மாற்றிக் கரைக்கும். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் சோடா கூடாது. அது அலுமினியத்தையே அரித்துவிடும்.

பால், முட்டை, ரத்தம் போன்ற புரதக் கறை என்றால் எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றக் கூடாது. புரதம் வெந்து, இறுகி ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் காரம் அல்லது நொதி. நொதிகளுக்கு மிதமான சூடும் நேரமும் வேண்டும். கொதிக்கவைத்தால் அவை செயலிழந்துவிடும்.

உப்புத் தண்ணீரால் படியும் வெள்ளைப் படிவம் என்றால் எவ்வளவு சோப்பு போட்டும் பயனில்லை. அது கால்சியம், மெக்னீசியம் உப்பு. அமிலம்தான் கரைக்கும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமே போதும். இன்னொன்று, உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் சோப்பே அந்த உப்புகளோடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படியும். கறையை எடுக்கப் போட்டதே கறையாகிவிடும். டிடர்ஜென்ட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பால் ஆலைகளில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். கொழுப்பு, புரதம், ‘பால் கல்’ எனப்படும் தாதுப் படிவம். அதனால் அங்கே வரிசை முக்கியம். முதலில் வெதுவெதுப்பான நீர் அலசல். அடுத்து சுமார் 1 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசல், 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் குழாய்க்குள் வேகமாக ஓடவிடப்படும். மறுபடி அலசல். பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம் போன்ற ஓர் அமிலம். கடைசி அலசல். காரமும் அமிலமும் ஒன்றாகப் போனால் ஒன்றையொன்று முறித்துவிடும் என்பதால்தான் நடுவே அலசல்.

அடியில் கருகிப் பிடித்தது என்றால் நேரம்தான் மருந்து. காரக் கரைசலில் சூடாக ஊறவைத்தால் பாதி வேலை முடிந்தது. கம்பி நார் போட்டுச் சுரண்டினால் அப்போதைக்குக் கறை போகும். கூடவே விழும் கீறல்களில் அடுத்த முறை கறை இன்னும் ஆழமாகக் குடியேறும். மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம் என்று நான்கு இருக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். ப்ளீச் நீண்ட நேரம் பட்டால் எவர்சில்வரும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கடைசிச் சந்தேகம்: டிடர்ஜென்ட் போச்சா?

கறையை எடுத்த டிடர்ஜென்ட்டும் ஒரு மிச்சம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். அதன் குணமே மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்வது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த தண்ணீர்ச் சோதனையில் ஒரு பொறி இருப்பதும் இதனால்தான். சரியாக அலசாத கண்ணாடியில் டிடர்ஜென்ட் மிச்சம் இருந்தால், அடியில் அழுக்கு இருந்தாலும் தண்ணீர் அழகாகப் பரவி நம்மை ஏமாற்றிவிடும். நன்றாக அலசிய பிறகு செய்யும் சோதனைக்குத்தான் மதிப்பு. மருந்து ஆலைகளில் கடைசி அலசல் நீரையே எடுத்து, அதில் கரைந்திருப்பது என்ன என்று அளந்து பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

தாமதமாக வந்த மரியாதை

ஆக்னஸின் பிற்காலம் சுலபமாக இல்லை. பெற்றோரின் நோய் வருடக்கணக்கில் நீண்டது. அவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் ஆய்வுக்குக் கிடைத்த நேரம் சுருங்கிக்கொண்டே போனது. 1913-ல் தம்பி ஃபிரீட்ரிச் இறந்தார். அறிவியல் உலகத்தோடு ஆக்னஸுக்கு இருந்த முக்கியமான பாலம் அவர்தான். அடுத்த வருடமே போர். புதிய ஆய்வு இதழ்கள் வருவது நின்றது. கண்பார்வையும் மங்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல ஆய்வு நின்றுபோனது.

அதே போர்க்காலத்தில், 1917-ல், அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் தொட்டியும் நகரும் தடுப்பும் கொண்ட அதே முறையை மேம்படுத்தினார். படலம் தரும் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் வசதியைச் சேர்த்தார். மூலக்கூறுகள் மேற்பரப்பில் எப்படி நிமிர்ந்து நிற்கின்றன என்பதை விளக்கினார். 1932-ல் மேற்பரப்பு வேதியியலுக்காக நோபல் பரிசு பெற்றார். கருவிக்கும் ‘லாங்மியூர் தொட்டி’ என்றே பெயர் நிலைத்தது.

ஜெர்மனி ஆக்னஸை நினைவுகூர்ந்ததும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். 1931-ல் கூழ்ம வேதியியல் துறைக்கான லாரா லியோனார்ட் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1932-ல், 70 வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவியாக ஒருநாளும் பல்கலைக்கழகப் படியேறாத அவர், சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆனார். 1935 நவம்பர் 21-ல் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இன்று அந்தத் தொட்டி தகரத்தில் இல்லை. எதுவும் எளிதில் ஒட்டாத டெஃப்லானில் செய்கிறார்கள். தடுப்பை மோட்டார் நகர்த்துகிறது, கணினி அளவெடுக்கிறது. நுரையீரலின் உட்பரப்புப் படலம் முதல் மருந்துப் பொருள்கள் வரை அதில் ஆராய்கிறார்கள். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் செய்வது பழைய வேலைதான். தூய நீரை நிரப்பி, தடுப்பை நகர்த்திப் பரப்பைச் சுருக்கிப் பார்ப்பார்கள். இழுவிசை இறங்கினால் தொட்டியை மறுபடி கழுவுவார்கள். இறங்காமல் நின்றால்தான் பரிசோதனை ஆரம்பம். அடுத்த முறை கண்ணாடித் தட்டைக் கழுவி முடித்ததும், ஒரு தடவை கூடுதலாக அலசிவிட்டு, தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். பிரவுன்ஷ்வைக் வீட்டில் ஆக்னஸ் கேட்ட அதே கேள்விக்கு அந்தத் தண்ணீர் பதில் சொல்லும்.